குழாய்த் தண்ணீரும் கல்லூரிப் படிப்பும்

(மட்டாஞ்சேரியில் நடைபெற்ற சங்கப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டத்துக்கு அழைத்தபோதே ஒரு கேள்வி எழுந்துவிட்டது. "நர்சிங்கில் சேர்ப்பதா, ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதா என்று பேசுவீர்கள் என்று நினைத்தோம். தண்ணீரைப் பற்றிப் படிக்க வையுங்கள் என்கிறீர்களே, தண்ணீரில் படிக்க என்ன இருக்கிறது? குடத்தைப் பிடிக்கத் தெரிந்தால் போதாதா?" என்று தாய்மார்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. குழாயடியில் பாதி வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆகவே பதிலையும் குழாயடியிலிருந்தே தொடங்குவோம்.

நாம் குடியிருக்கும் இந்த ஊர், மூன்று பக்கமும் தண்ணீர் இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர். ஒரு காலத்தில் ஆலுவாயிலிருந்து வள்ளத்தில் பெரியாற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து இங்கே விற்றார்கள். பிறகு குழாய் வந்தது. குழாய் வந்தும் என்ன? 2023 ஜனவரியில் பாழூரில் பம்புகள் பழுதாகி மேற்குக் கொச்சி முழுவதும் வாரக்கணக்கில் தவித்தது நமக்கு மறக்கவில்லை. டேங்கர் லாரியின் பின்னால் குடத்தோடு ஓடினோம். அப்போது பலரும் முதல் தடவையாகக் கேட்ட கேள்வி, "பாழூர் எங்கே இருக்கிறது? அங்கே பம்பு கெட்டால் இங்கே ஏன் குழாய் வற்றுகிறது?" என்பது.

பாழூர் இருப்பது மூவாற்றுப்புழை ஆற்றின் கரையில். அங்கே எடுக்கும் தண்ணீர் மரடு சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து அங்கிருந்து நம் பக்கம் வருகிறது. கோடையிலும் அந்த ஆற்றில் தண்ணீர் ஓடுவது எப்படி? இடுக்கி அணை 1976-ல் இயங்கத் தொடங்கியது. அதில் தேங்குவது பெரியாற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக மூலமற்றத்தில் பூமிக்கடியில் உள்ள மின் நிலையத்தில் இறங்கி, மின்சாரம் தந்துவிட்டு, தொடுபுழை ஆற்றில் விழுகிறது. தொடுபுழை ஆறு மூவாற்றுப்புழையில் சேர்கிறது. அதாவது, ஆலுவாய்க் குழாய் வழியாக வந்தாலும் பாழூர்க் குழாய் வழியாக வந்தாலும் கோடையில் நம் குடத்தில் விழுவதில் பெரும்பங்கு பெரியாறுதான்!

இன்னும் மேலே போங்கள். அதே பெரியாற்றின் தலைப்பக்கத்தில், 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை இருக்கிறது. அங்கும் மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். அது கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையோடு சேர்ந்து, தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வரை போகிறது. நம்மில் எத்தனை குடும்பத்துக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம்? கையை உயர்த்துங்கள். பார்த்தீர்களா, பாதிக்கு மேல்! ஊரில் அண்ணன் தம்பி நாற்று நடுவதும் பெரியாற்றுத் தண்ணீரில். இங்கே நாம் சோறு வடிப்பதும் பெரியாற்றுத் தண்ணீரில். ஓர் ஆற்றை அதன் சொந்தப் படுகையிலிருந்து வேறு படுகைக்குத் திருப்புவதைத் தமிழ்நாட்டுக்காரர்கள் மட்டும் செய்வதாக இங்கே சிலர் பேசுகிறார்கள். கேரளமும் அதே ஆற்றை மூவாற்றுப்புழைக்குத் திருப்புகிறது. அந்தத் தண்ணீரில்தான் கொச்சி உயிர் வாழ்கிறது. தவறு என்று சொல்லவில்லை. ஆறு எப்படி ஓடுகிறது என்று தெரியாமலே இரண்டு பக்கமும் கோஷம் போடுகிறார்கள் என்றுதான் சொல்கிறோம்.

கோஷத்தின் விலையைக் கொடுப்பது யார்? 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது குமுளி எல்லை அடைபட்டது. இடுக்கித் தோட்டங்களில் தலைமுறையாக ஏலக்காய் பறித்த தமிழ்த் தொழிலாளிகள் பிள்ளைகுட்டிகளோடு மலை இறங்கி ஓடினார்கள். அந்தப் பக்கம் மலையாளிக் கடைக்காரர்களுக்கு அடி விழுந்தது. 136 அடி, 142 அடி, 152 அடி என்று பேசிய பெரிய மனிதர்கள் எவருக்கும் ஒரு நாள் கூலிகூட நட்டமாகவில்லை.

அந்த அடிக்கணக்கு என்னவென்று நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுருக்கமாகச் சொல்கிறோம். அணையில் 152 அடி வரை நிறுத்தினால் மொத்தம் சுமார் 15½ டி.எம்.சி. கொள்ளும். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. லிட்டரில் சுமார் 2,832 கோடி. ஆனால் கிழக்கே திருப்பும் வாய் 104 அடியில் இருக்கிறது. அதற்குக் கீழே கிடக்கும் சுமார் 5 டி.எம்.சி.யை எடுக்க முடியாது. ஆகவே பயன்படுவது மேலே உள்ள தண்ணீர் மட்டுமே. ஒவ்வோர் அடியும் வயலுக்குப் போகும் தண்ணீர். தமிழ்நாடு ஏன் அடிக்கு அடி வாதாடுகிறது என்பது இதில் விளங்கும். மறுபக்கம், அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய பழைய கட்டுமானம். கீழே வண்டிப்பெரியாறு முதல் ஆலுவாய் வரை மக்கள் வாழ்கிறார்கள். கேரளத்தின் அச்சத்தையும் கிண்டல் செய்ய முடியாது. உச்சநீதிமன்றம் 2014-ல் 142 அடி வரை நிறுத்தலாம் என்றது. கேரளம் புதிய அணை கேட்கிறது. தமிழ்நாடு இருக்கும் அணையை வலுப்படுத்தி 152-க்கு ஏற்ற வேண்டும் என்கிறது. இதற்கிடையில் பெரும் மழை பெய்தால் ஒரு நாளில் எவ்வளவு வெள்ளம் வரும், எந்த மாதத்தில் எந்த மட்டம் வரை நிறுத்தலாம் என்ற கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கணக்குக்குப் பெயர்தான் நீரியல். அந்தக் கணக்கை வைத்து மனிதருக்கும் வயலுக்கும் தண்ணீரைப் பங்கிடும் வேலைக்குப் பெயர் நீர் மேலாண்மை. இவை பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் பாடங்கள். கற்றவர் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கும் ஓர் எண் ஒரு மாவட்டத்தின் தலையெழுத்தை மாற்றும். மிகைப்படுத்தவில்லை. 2018 பிப்ரவரியில் காவிரி வழக்கின் இறுதித் தீர்ப்பு வந்தது. நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 192 டி.எம்.சி. தந்திருந்தது, உச்சநீதிமன்றம் அதை 177¼ ஆகக் குறைத்தது. குறைந்த 14¾-ல் 10 டி.எம்.சி. எதற்காக? தமிழ்நாட்டில் பூமிக்கடியில் நீர் இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதற்காக. நிலத்தடி நீரை அளப்பது எப்படி, எவ்வளவை எடுக்கலாம், எடுத்தால் கடல் நீர் உள்ளே வருமா என்பதெல்லாம் நீரியல் வகுப்பின் பாடம். தஞ்சை விவசாயியின் பத்து டி.எம்.சி. அந்தப் பாடத்தின் ஒரு பக்கத்தில் போயிற்று.

அப்படியானால் இந்தப் பாடத்தை யார் கற்கிறார்கள், யார் கற்பிக்கிறார்கள்? இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

வெள்ளைக்காரன் 1847-ல் ரூர்க்கியில் பொறியியல் கல்லூரி தொடங்கியது கங்கைக் கால்வாய் வெட்டுவதற்கு ஆள் வேண்டும் என்பதற்காக. அங்கேயும் வகுப்பு பிரித்தார்கள். மேல் வகுப்பு பெரும்பாலும் அவர்கள் இனத்தாருக்கு. நம் நாட்டவருக்கு உள்நாட்டு மொழியில் சர்வே பழக்கும் கீழ் வகுப்பு. சென்னையில் அதற்கும் முன்பே 1794-ல் சர்வே பள்ளி ஒன்று தொடங்கினார்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. இந்தக் கல்லூரிகள் எல்லாம் கட்டுவதற்குக் கற்றுக் கொடுத்தன. அணை, மதகு, கால்வாய், பாலம். நீரியல் என்பது சிவில் படிப்பில் ஓர் அத்தியாயமாக ஒடுங்கிக் கிடந்தது. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ 1965 முதல் 1974 வரை உலக நீரியல் பத்தாண்டு என்று நடத்தியது. அதையொட்டி 1972-ல் ரூர்க்கியில் நீரியலுக்கென்றே மேற்படிப்பு தொடங்கி, ஆசிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் மாணவர் வந்து படித்தார்கள். 1978-ல் கேரளம் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் குன்னமங்கலத்தில் நீர்வள ஆராய்ச்சி மையம் அமைத்தது. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தில் நீர்வள மையம் வந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நீர்நுட்ப மையம் வந்தது. பொதுப்பணித்துறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தர 1984-ல் திருச்சிக்கு அருகே துவாக்குடியில் பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம் வந்தது.

பயிற்சி நிலையம் ஏன் தேவைப்பட்டது? ரெயில்வேக்காரர்களாகிய நமக்கு இது சட்டென விளங்கும். தண்டவாளம் போடுகிறவர் வேறு. அதன்மேல் வண்டிகளை நேரப்படி ஓட்டும் டிராபிக் இலாகா வேறு. தண்டவாளம் போட்ட இஞ்சினீயரையே கண்ட்ரோல் அறையில் உட்காரவைத்து, எந்த வண்டியை லூப் லைனில் நிறுத்துவது, எதற்கு வழிவிடுவது என்று கேட்டால் விழிப்பார். நம் நாட்டுப் பாசனம் நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது. கால்வாய் வெட்டத் தெரிந்தவர் நிறைய. கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறதா என்று பார்க்கப் படித்தவர் இல்லை. தலைமடையில் செல்வாக்குள்ளவன் மதகைத் தூக்கினால் கடைமடையில் பயிர் காயும். இதற்கு எந்தச் சூத்திரமும் கட்டுமானப் புத்தகத்தில் இல்லை.

இந்தக் குறையை உணர்ந்து 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையம், இலங்கையில் பேராதனை, வங்கதேசத்தில் டாக்கா, நேபாளம் ஆகிய இடங்களின் கல்வி நிலையங்கள் நெதர்லாந்து உதவியோடு சேர்ந்து, 'எல்லைகளைக் கடத்தல்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் நடத்தின. இஞ்சினீயர் மட்டும் போதாது; தண்ணீருக்குள் சட்டம் இருக்கிறது, சாதி இருக்கிறது, பெண் சுமக்கும் குடம் இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று பாடத்திட்டத்தை மாற்றினார்கள். உதவித்தொகை தந்து பெண்களைத் தனி அக்கறையோடு சேர்த்தார்கள். நாலு நாட்டுப் பிள்ளைகள் ஒரே பாடத்தைப் படித்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாநிலத்துப் பிள்ளைகள் ஒரே பெரியாற்றைச் சேர்ந்து படிக்க முடியாதா?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தண்ணீர் அறிவு கல்லூரியில் பிறந்ததல்ல. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி கண்மாய்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் மதகைத் திறந்து, வயல் வயலாகப் பங்கிட்டு விட்டவர் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று அழைக்கப்பட்டவர். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். தமக்கென்று காணி நிலம் இல்லாதவர். நிலம் இல்லாததால்தான் அவர் பங்கு நியாயமாக இருக்கும் என்று ஊரார் நம்பினார்கள்! எந்தக் கண்மாயில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், எந்த வயல் எத்தனை நாழிகை குடிக்கும் என்பது அவருக்கு விரல்நுனியில். ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்காரப் பொறியாளரே, ஆழம் தெரியாத மணலில் அணைக்கு அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையிலிருந்து கற்றுக்கொண்டதாகச் சொன்னவர். வித்தை நம்முடையது, பட்டம் அவர்களுடையது. நீர்பாய்ச்சியின் பேரன் இன்று மட்டாஞ்சேரிக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறான். அவன் மகள் நீரியல் படித்தால் யாருக்கும் ஆச்சரியம் வேண்டாம், குடும்பத் தொழில்.

கல்லூரிப் பாடம் நம் தெருவுக்கு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். இங்கே பழைய வீடுகளில் கிணறு உண்டு. மழைக்காலத்தில் நல்ல தண்ணீர். மாசி பங்குனியில் உப்புக் கரிக்கும். "சாமி குற்றம்" என்பார் ஒருவர். "பக்கத்து ஓட்டல்காரன் போர் போட்டான்" என்பார் இன்னொருவர். இரண்டாமவர் உண்மைக்கு அருகில் இருக்கிறார். நாம் நிற்கும் மணல் திட்டுக்கு அடியில் கடல் நீர் இருக்கிறது. அதன்மேல் மழைத்தண்ணீர் எண்ணெய்போல மிதக்கிறது. கடல் நீர் கொஞ்சம் கனம். இந்தக் கன வித்தியாசத்தைக் கணக்கிட்டு 1888-ஐ ஒட்டி ஒரு டச்சுக்காரரும் 1901-ல் ஒரு ஜெர்மன்காரரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடி வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். அப்படியானால் பம்பு வைத்து மேலே ஓர் அடியை இறக்கினால் என்ன ஆகும்? கீழே உப்பு நாற்பது அடி ஏறிவரும். மண்ணின் வாகைப் பொறுத்து இது கூடும் குறையும்; அடிப்படை இதுதான். 1663 முதல் 1795 வரை இந்த ஊரை ஆண்டவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களும் கடலோர மணலில் வாழ்ந்தவர்களே. தங்கள் ஊர்க் கிணற்றைக் காக்க அதைப் பாடமாக்கினார்கள். நாம் இன்னும் ஓட்டல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இது கிணற்றோடு நிற்கும் விஷயமும் அல்ல. துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டத் தோண்ட ஓதத்தோடு உப்புநீர் மேலே மேலே ஏறுகிறது. கோடையில் பெரியாற்றில் ஓட்டம் குறைந்தால் அது ஆலுவாய்ப் பக்கம் குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டிவிடாதபடி பாதாளத்தில் தடுப்பணை வைத்திருக்கிறார்கள். அந்தத் தடுப்பின் மேற்பக்கம் ஏலூர்-எடயாறு ஆலைகள். 2024 மே மாதத்தில் பாதாளத்துக்குக் கீழே மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்ததைப் பத்திரிகையில் பார்த்தோம். மதகைத் திறந்தால் அழுக்கு கீழே வரும். மூடினால் மேலே தேங்கும். மூடாவிட்டால் உப்பு ஏறும். எப்போது, எவ்வளவு என்பதைச் சொல்லப் படித்தவர் வேண்டும். வேலியில் 1976-ல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்த தோபிகானாவில் துணி துவைக்கும் நம் வண்ணார் சமூகத்துத் தோழர்களைக் கேளுங்கள். தண்ணீரில் உப்பு ஏறினால் சோப்பு நுரைக்காது, வெள்ளை மங்கும் என்று நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார்கள். அந்த நாக்குக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் நடுவே ஒரு படிக்கட்டு வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

படிக்கட்டில் முள் இருக்கிறது. அதையும் மறைக்காமல் பேசுவோம்.

முதல் முள், சான்றிதழ். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் பிழைப்புக்காக வேறு மாநிலம் போனால், போன மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்சநீதிமன்றம் 1990-லும் 1994-லும் தீர்ப்பளித்தது. ஆகவே கேரள அரசு ஒதுக்கீட்டில் நம் பிள்ளைகளுக்கு இடம் குறுகுகிறது. சரி, தமிழ்நாட்டுக்குப் போவோம் என்றால், அங்கே அரசுப் பள்ளி மாணவருக்குப் பொறியியலில் 2021 முதல் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மட்டுமே. மட்டாஞ்சேரி அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை அதில் சேராது. இங்கே அந்நியன், அங்கேயும் அந்நியன்! உடல் உழைப்பை விற்க மட்டும் இரண்டு மாநிலமும் சொந்த மாநிலம். இந்த அநீதியை எதிர்த்து இரண்டு அரசுகளுக்கும் மனு கொடுக்கச் சங்கம் தீர்மானிக்க வேண்டும்.

ஆனால் மனு நகரும்வரை பிள்ளை காத்திருக்க முடியாது. இருக்கிற வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசு நிறுவனங்களில் பிறந்த மாநிலத்தின் சாதிச் சான்று செல்லும். கோழிக்கோடு என்.ஐ.டி. போன்ற இடங்களில் பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் தேறினாரோ அதுவே உள்மாநிலமாகக் கணக்காகும். அங்கே நம் பிள்ளை கேரளப் பிள்ளைதான். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேண்டும். அது சொந்த ஊர்த் தாசில்தார் அலுவலகத்தில். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதே அதை வாங்கி வைத்துவிடுங்கள்; ஜூன் மாதத்தில் ஓடினால் கிடைக்காது. வேளாண் பொறியியல் படிக்கத் தவனூரில் கல்லூரி இருக்கிறது. அதில் மண்ணும் நீரும் முக்கியப் பாடம். பணம் இல்லாதவர் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து நேரே பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். நீரியல் என்ற தனிப் படிப்பு பெரும்பாலும் பட்டத்துக்கு மேலேதான் வருகிறது. அதற்கு 'கேட்' தேர்வு எழுதித் தேறி எம்.ஈ., எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அந்தப் பணத்தில் ஒரு பிள்ளை வீட்டுக்குச் சுமையில்லாமல் படிக்கும்.

படித்தால் உடனே வேலை என்று நாம் சத்தியம் செய்யவில்லை. மத்திய நீர்க் குழுமம், நிலத்தடி நீர் வாரியம், கேரள நீர் ஆணையம், தமிழ்நாட்டு நீர்வளத் துறை என்று இடங்கள் இருக்கின்றன, போட்டியும் இருக்கிறது. பெண் பிள்ளையை ஆற்றங்கரைக்கும் அணைக்கும் அனுப்புவதா என்று தயங்கும் தகப்பன்மாரும் இங்கே இருக்கிறார்கள். இரவு பன்னிரண்டு மணிக்குக் குழாய் வரும்போது தெருவில் குடத்தோடு நிற்பது யார் வீட்டுப் பெண் பிள்ளை என்பதை அவர்கள் யோசிக்கட்டும்.

இரண்டாவது கோரிக்கை, பெரியாற்றைப் பற்றியது. அதன் படுகை 5,398 சதுர கிலோமீட்டர். முல்லைப் பெரியாறு அணைக்குத் தண்ணீர் தரும் பரப்பு 624, அதாவது எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. மழை எங்கே எவ்வளவு பெய்கிறது, அணைகளில் எவ்வளவு நிற்கிறது, கடலுக்கு எவ்வளவு போகிறது என்பதை இரண்டு மாநிலப் பல்கலைக்கழகங்களும் ஒன்றாக அளந்து, தமிழிலும் மலையாளத்திலும் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். இப்போது ஒவ்வோர் அரசும் தன் வழக்குக்குத் தேவையான நிபுணரைத் தேடிப் பிடித்து அறிக்கை வாங்குகிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகும், அணைகளைத் திறந்த நேரம் சரியா தவறா என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். இரண்டு மொழியும் தெரிந்து, இரண்டு கரையிலும் உறவு வைத்திருக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். அந்த அளவெடுப்பில் அவர்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்போம். மனுவின் நகல் இந்த இதழிலேயே அச்சாகும். கையெழுத்து வாங்கக் கொச்சங்காடி முதல் தோப்பும்படி வரை வீடு வீடாக வருவோம்.

நிறைவாக ஓர் அறிவிப்பு. பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கும் பௌதிகமும் சொல்லித்தர இரண்டு இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். செவ்வாய், வெள்ளி மாலை ஏழு மணிக்குச் சங்க அறையில் வகுப்பு. கட்டணம் இல்லை; நோட்டுப் புத்தகம் மட்டும் கொண்டுவர வேண்டும். ஏழு மணி உங்கள் தெருவில் தண்ணீர் வரும் நேரம் என்றால் இப்போதே சொல்லுங்கள். வகுப்பை எட்டுக்கு மாற்றிக்கொள்வோம்.